கலைக்காமல் காண்பது: சென்னையிலிருந்து ஸ்நார்க்கெல்லிங் படகுப் பயணம் செல்வோருக்கு

அந்தமானுக்கோ திருகோணமலைக்கோ போய் ஸ்நார்க்கெல்லிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் அணிந்து மேற்பரப்பில் மிதந்தபடி நீருக்குள் பார்ப்பது) செய்துவிட்டுத் திரும்பிய நம்மூர்க் குடும்பங்களிடம் பேச்சுக் கொடுத்தால், விமான டிக்கெட், விடுதி, படகுக் கட்டணம், சாப்பாடு என எல்லாவற்றையும் விரிவாகச் சொல்வார்கள். தண்ணீருக்குள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் மட்டும், "கலர் கலரா மீனு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாள் முழுவதும் நீளும் அந்தப் பயணத்தில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு மணிக்கும் குறைவுதான். அதிலும் பாதி, மாஸ்க்கில் நீர் புகுவதிலும், குழாயில் உப்புநீர் ஏறி இருமுவதிலும், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவதிலும் கழிந்துவிடுகிறது. அந்தச் சிறிது நேரத்தை வீணாக்காமல், கடல் உயிர்களை அவற்றின் இயல்பிலேயே கண்டு வருவதற்கு எப்படி ஆயத்தம் செய்வது என்பதை, நான் செய்த தவறுகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் தவறுகளில் பெரியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையிலிருந்து படகில் போகும் தூரத்தில் உள்ள புறாத்தீவில், கருந்துடுப்புச் சுறா ஒன்றைப் பார்த்ததும் அதன் பின்னாலேயே வேகமாக நீந்திப் போனேன். மூன்று முறை முயன்றும் அது எனக்கு முதுகைக் காட்டிவிட்டு மறைந்தது. மூச்சு வாங்கப் படகோரம் வந்து பிடித்துக்கொண்டபோது, படகோட்டி அண்ணன் மெல்லச் சிரித்துக்கொண்டே, "தம்பி, கலைக்காதீங்க. சும்மா மிதந்து கிடங்க, அது தானா வரும்" என்றார். ஈழத்துப் பேச்சில் கலைப்பது என்றால் துரத்துவது. நமக்கோ அது கூட்டத்தைக் கலைப்பது, தூக்கத்தைக் கலைப்பது. அன்று எனக்கு இரண்டு பொருளும் ஒன்றாகவே பட்டன, ஏனென்றால் துரத்தியதால்தான் அந்த இடத்தின் அமைதி கலைந்திருந்தது. அவர் சொன்னபடி ஆழமற்ற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு மிதந்தேன். சிறிது நேரத்தில் அந்தச் சுறா பாறையைச் சுற்றித் தன் வழக்கமான வட்டத்தில் வந்தது, எனக்கு இரண்டு ஆள் நீளத் தொலைவில் கடந்து போனது, மறுபடியும் வந்தது. இந்த வழிகாட்டியில் உள்ள மற்ற எல்லாம், அப்படி அசையாமல் மிதந்து கிடப்பதற்கு உடலையும் நாளையும் இடத்தையும் பொருத்திக்கொள்வதைப் பற்றியவையே.

எங்கே, எந்த மாதத்தில்

நம் கடலிலேயே பார்க்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெசன்ட் நகரிலும் நீலாங்கரையிலும் கோவளத்திலும் கரையோரக் கடலின் அடித்தளம் மணல். ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் அந்த மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் தெற்கே மெரினாவில் மணல் குவிந்ததும், வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டதும் இந்த ஓட்டத்தால்தான். அலை உடையும் இடத்தில் மணல் கலங்கிய நீரில் தன் கையே தெளிவாகத் தெரியாது. மீனவர்கள் பார் என்று சொல்லும் பாறைத்திட்டுகள் கடலுக்குள் இருக்கின்றன என்றாலும், அவை மேற்பரப்பில் மிதந்தபடி பார்க்கக்கூடிய ஆழத்தில் இல்லை. அங்கே, காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபா கற்றவர்கள்தான் போக முடியும். ஆகவே சென்னைக் கடலைப் பயிற்சிக்கும், படகின் மேலிருந்து பார்ப்பதற்கும் வைத்துக்கொண்டு, ஸ்நார்க்கெல்லிங்குக்குப் பவளப்பாறை உள்ள இடங்களுக்குப் போவதே சரி.

இடத்தைவிட மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள், ஏனென்றால் நாம் பள்ளி விடுமுறையை வைத்துத் தேதி குறிக்கிறோம். அந்தமானில் கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருப்பது ஏறக்குறைய ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அரையாண்டு விடுமுறையில் போவது தவறில்லை என்றாலும், டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் உருவாகும் காலம் என்பதை நினைவில் வைத்து ஓரிரு நாட்கள் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இலங்கையின் கிழக்குக் கரை இதற்கு நேர்மாறானது. தென்மேற்குப் பருவக்காற்றைத் தீவின் நிலப்பரப்பே மறைத்துக்கொள்வதால், திருகோணமலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கடல் படிந்து கிடக்கும். கோடை விடுமுறையின் பிற்பாதியில் போக நினைப்பவர்களுக்கு அதுவே பொருந்தும். மொழிச் சிக்கலும் இல்லை. படகோட்டியிடம் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது சிறிய வசதியன்று. புறாத்தீவு 2003-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே போய்விடுவது நல்லது.

அந்தமானில் மூன்று இடங்கள் பரவலாகத் தெரிந்தவை. போர்ட் பிளேருக்கு, இன்றைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, எதிரே உள்ள நார்த் பே அவற்றில் ஒன்று. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தென்னை மரங்களுக்கு நடுவே தெரிந்த கலங்கரை விளக்கம் அந்தக் கரையில்தான் இருக்கிறது. கூட்டம் மிகுதி, முதல் அனுபவத்துக்கு மட்டும் போதும். 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று அழைக்கப்படும் ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் பீச் அதைவிட மேல். வண்டூரிலிருந்து படகில் போகும் ஜாலி பாய் தீவு, 1983-இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், வனத்துறை அனுமதியோடு குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் ஆட்களை விடுவார்கள். பிளாஸ்டிக் பாட்டில், பை எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள். ஜாலி பாயும் ரெட் ஸ்கின் தீவும் ஆண்டில் மாறி மாறித்தான் திறக்கப்படுகின்றன. பவளப்பாறை ஓய்வெடுப்பதற்கான ஏற்பாடு அது. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் ஜாலி பாய்க்குத்தான் போவேன்.

மன்னார் வளைகுடாவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் அமைக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவில் தீவுகளில் இறங்குவதற்குத் தடை உண்டு. யாரோ ஒரு படகுக்காரர் குறைந்த பணத்துக்கு அழைத்துப் போகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வனத்துறை ஏற்பாடு செய்யும் பயணங்கள் மட்டுமே வழி.

அஷ்டமியில் கிளம்புங்கள்

மாதம் முடிவானதும் நாட்காட்டியை எடுத்து நாளைப் பாருங்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடலின் ஏற்றமும் வற்றும் பெரியவை. நீர் அதிகமாக ஏறி அதிகமாக இறங்குவதால் நீரோட்டமும் வலுக்கும், மண்ணும் கலங்கும். இரண்டுக்கும் நடுவே, அரை நிலவு தெரியும் நாட்களில், ஏற்றவற்றம் சிறியதாக இருப்பதால் ஓட்டம் தணிந்திருக்கும். அரை நிலவு நாள் எது? நம் வீடுகளில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்று ஒதுக்கும் அஷ்டமியும் அதை ஒட்டிய நவமி, தசமியும்தான். என் அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டு அஷ்டமியன்று பயணம் கிளம்ப முடியவில்லை. சப்தமியில் சென்னையை விட்டுப் புறப்பட்டு, அஷ்டமியன்று தண்ணீரில் இறங்கினேன். அவருக்கும் நிறைவு, எனக்கும் நிறைவு.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை சிறந்தது. பகலில் நிலம் சூடேறிக் கடற்காற்று வீசத் தொடங்குமுன் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் இருக்கும். சூரியன் ஓரளவு மேலே ஏறியிருப்பதால் ஒளியும் ஆழத்துக்குள் இறங்கும். பவளத்திட்டு மிக ஆழமற்றதாக இருந்தால் நீர் வற்றிய நேரத்தில் மிதப்பதற்கே இடமிருக்காது. வயிறு பவளத்தில் உரசும். ஏற்றம் முழுமையடையும் நேரத்துக்கு ஒரு மணிக்கு முன்பு இறங்கினால், கடலிலிருந்து வரும் தெளிந்த நீரும் கிடைக்கும், ஏற்றம் நின்று திரும்புவதற்கு இடைப்பட்ட அமைதியும் கிடைக்கும். படகு முன்பதிவு செய்யும்போது, "அன்று ஏற்றம் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். உடனே பதில் சொல்பவரின் படகில் ஏறலாம்.

சென்னையிலேயே செய்ய வேண்டிய பயிற்சி

நீச்சல் தெரியாதவர்களும் லைஃப் ஜாக்கெட் அணிந்து ஸ்நார்க்கெல்லிங் செய்யலாம் என்று விளம்பரங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் பயத்தோடு இருப்பவர் கண்ணில் மீன் படாது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, மெரினாவில் உள்ள மாநகராட்சி நீச்சல் குளத்திலோ, வேளச்சேரி நீச்சல் வளாகத்திலோ, அருகிலுள்ள வேறு குளத்திலோ, பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு, மாஸ்க்கும் குழாயும் அணிந்து பழகுங்கள். முதல் வேலை நீந்துவதன்று. முகத்தை நீருக்குள் வைத்து, வாயால் மட்டும், மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டபடி, கைகளை அசைக்காமல் பத்து நிமிடம் மிதப்பது. வேகமான மேல்மூச்சில் குழாய்க்குள் இருக்கும் பழைய காற்றே திரும்பத் திரும்ப உள்ளே போகும். தலை கனக்கும், பதற்றம் கூடும். மூச்சை முழுமையாக வெளியே விடுவதுதான் இதில் உள்ள ஒரே நுட்பம். அடுத்து, வேண்டுமென்றே குழாயில் நீரை ஏற்றி, ஒரே ஊதலில் வெளியேற்றிப் பழகுங்கள். மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்ற, தலையை உயர்த்தி மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊத வேண்டும். நீர் கீழ் வழியாக வெளியேறிவிடும். இந்த மூன்றும் கைவந்தால் கடலில் எந்தத் தடுமாற்றமும் நேராது.

மாஸ்க்கைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். மற்றவற்றை வாடகைக்கு எடுக்கலாம். முகம் மட்டும் அவரவருடையது. கடையில், பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்த பின்னும் விழாமல் ஒட்டிக்கொண்டால் அது உங்களுக்குப் பொருந்தும். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலையின் மெல்லிய படலம் இருக்கும். சாதாரண வெள்ளைப் பற்பசையால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால்தான் நீராவி படியாமல் இருக்கும். அதன் பிறகு இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துளி பேபி ஷாம்பு போதும். அது இல்லையென்றால் உமிழ்நீர். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் பவர் பொருத்திய மாஸ்க்கை முன்கூட்டியே சொல்லிச் செய்துகொள்ள வேண்டும். மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்கின் கீழே நீர் கசியும். நான் மீசையை எடுக்க மனமில்லாமல், மூக்குக்கு நேர்கீழே ஒரு கோடு மட்டும் மழித்துக்கொண்டேன்; ஒரு வாரம் வீட்டில் எல்லாருக்கும் நல்ல வேடிக்கை. முகம் முழுவதையும் மூடும் வகை மாஸ்க் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. வெளிவிட்ட காற்று அதற்குள் தேங்கும் அபாயமும், அவசரத்தில் கழற்றுவதில் சிரமமும் இருப்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

பயிற்சியின் இன்னொரு பகுதி கரையில் நடப்பது. ஜனவரி முதல் பங்குனி வரை சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து, ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். பொதுமக்களையும் உடன் அழைத்துப் போவதுண்டு. டார்ச் அடிக்காமல், பேசாமல், பல மணி நேரம் நடந்தும் ஒன்றையும் காணாமல் திரும்பும் இரவுகள் உண்டு. குழந்தைகளோடு அந்தமான் போக நினைப்பவர்கள் முதலில் அவர்களை இந்த நடைக்கு அழைத்துப் போங்கள். காத்திருக்கக் கற்ற குழந்தை கடலில் பெரியவர்களைவிட அதிகம் பார்க்கும்.

படகில்

கப்பலேறும் முன் வயிற்றைக் காயப்போடுவது பலரும் செய்யும் தவறு. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, எண்ணெய்ப் பண்டத்தையும் பாலையும் விட்டுவிடுங்கள். குமட்டல் வருபவர்கள் மருத்துவர் சொன்ன மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்; குமட்டத் தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை. படகின் நடுப்பகுதியில், டீசல் புகை வராத பக்கம் உட்கார்ந்து, தொடுவானத்தில் பார்வையை நிறுத்துங்கள். கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதே பாதி வாந்திக்குக் காரணம்.

தொடுவானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. ஆலா என்னும் கடற்பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டுத் தலைகீழாகப் பாய்ந்தால் அங்கே சிறுமீன் கூட்டம் மேலே வந்திருக்கிறது. அதைக் கீழிருந்து பெருமீன்களோ ஓங்கில்களோ (டால்பின்களோ) விரட்டிக்கொண்டிருக்கலாம். படகின் முனையிலிருந்து வெள்ளிச் சிதறலாக எழும்பி, அலைக்கு மேல் பல மீட்டர் தூரம் சறுக்கிப் போய் விழுபவை பறவைக் கோலாக்கள். நாகப்பட்டினம் பக்கம் வலையில் பிடித்து விற்கும் அதே மீனை உயிரோடு பறக்கப் பார்த்தபோது, இத்தனை நாள் குழம்பில் மட்டுமே பார்த்திருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஓங்கில் கூட்டம் தென்பட்டால் அதன் போக்குக்குக் குறுக்கே படகைச் செலுத்தச் சொல்லாதீர்கள். ஒரே வேகத்தில் ஒரே திசையில் போனால், விருப்பமிருந்தால் அவையே படகின் முன்னலையில் விளையாட வரும்.

ஒரு முறை நான் போன படகில், நங்கூரம் போட்டதும் உதவியாளர் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை உடைத்து நீரில் தூவினார். நொடியில் நூற்றுக்கணக்கான வரிமீன்கள் சூழ்ந்துகொண்டன, எல்லாரும் ஆர்ப்பரித்தார்கள். அந்த மொய்ப்புக்கு நடுவே வேறு எந்த உயிரினத்தையும் பார்க்க முடியவில்லை. பாசியை மேய்ந்து பவளத்தைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டிய மீன்கள் மாவுக்குப் பழகிப்போவதும் நல்லதன்று. இப்போதெல்லாம் ஏறும்போதே, "அண்ணா, எங்களுக்காகத் தீனி போட வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

உடம்பில் பூசும் சன்ஸ்கிரீன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ஆகிய இரு வேதிப்பொருள்கள் பவளத்துக்குக் கேடு என்று கருதப்படுவதால் அவை உள்ள சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது. முழுக்கைச் சட்டையும் முழங்காலுக்குக் கீழே வரும் உடையும் அணிந்தால் பூச வேண்டிய இடமே குறைந்துவிடும். முதுகு வெந்துபோய் இரவெல்லாம் குப்புறப் படுக்க வேண்டிய நிலையும் வராது.

தண்ணீருக்குள் முதல் பத்து நிமிடம்

இறங்கியவுடன் எங்கும் போகாதீர்கள். கேமராவைப் படகிலேயே விட்டுவிடுங்கள். மிதந்தபடி முதலில் கேளுங்கள். பவளப்பாறை மௌனமானது என்று நினைத்திருந்தால் வியப்பு காத்திருக்கிறது. எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் இடைவிடாத படபடப்பு கேட்கும். தம் கொடுக்கை நொடியில் மூடிக் குமிழியை வெடிக்கச் செய்யும் சிறு இறால்களின் ஓசை அது. அந்தப் பொரிதல் செழிப்பாகக் கேட்கும் இடத்தில் பாறையும் உயிரோடு இருக்கும். இதில் ஒரு பாதுகாப்புச் செய்தியும் அடங்கியிருக்கிறது: தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் பரவுவதால் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காதால் பிரித்தறிய முடியாது. படகு எஞ்சின் சத்தம் கேட்டால் கீழே பார்த்துக்கொண்டிருக்காமல் தலையைத் தூக்கி நாலாபுறமும் பார்க்க வேண்டும்.

கண்ணும் ஏமாற்றும். மாஸ்க்கின் வழியே பார்க்கும் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கில் ஒரு பங்கு அருகிலும் தோன்றும். எட்டடிச் சுறா என்று ஊரில் சொல்லப்படுவது பெரும்பாலும் ஆறடிதான். சிவப்பு நிறம் சில மீட்டர் ஆழத்திலேயே மங்கிவிடும் என்பதால் ஆழமற்ற இடத்தில்தான் நிறங்கள் முழுமையாகத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போனால்தான் அழகு என்பது தவறான எண்ணம்.

அதன் பிறகு ஒரே ஒரு பவளத்திட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் அல்லாமல் பக்கவாட்டில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி மிதந்து, ஐந்து நிமிடம் பாருங்கள். முதல் நிமிடத்தில் நம் நிழலைக் கண்டு ஒளிந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும். கடல் சாமந்தியின் கொட்டும் இழைகளுக்குள் கோமாளி மீன் குடும்பம் இருந்தால் அவற்றில் மிகப் பெரியதைக் கவனியுங்கள், அதுதான் பெண். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகவே வாழ்வைத் தொடங்குகின்றன. அந்தப் பெண் இறந்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிக் குடும்பத்தை நடத்தும். வேறோர் இடத்தில் பெரிய மீன் ஒன்று வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்பதையும், விரல் நீள நீலக் கோட்டு மீன் அதன் வாய்க்குள்ளும் செவுளுக்குள்ளும் போய் ஒட்டுண்ணிகளைப் பொறுக்குவதையும் காணலாம். முடிதிருத்தகத்தில் முறைக்குக் காத்திருப்பதுபோல் பின்னால் வேறு மீன்கள் நிற்கும். கறக் கறக் என்று கற்கண்டு கடிப்பதுபோல் ஓசை வந்தால் அது கிளிஞ்சான். அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்று, அரைத்த சுண்ணாம்பை வெண்மணலாக வெளியேற்றுகிறது. நீங்கள் சற்று முன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த வெண்ணிறக் கடற்கரையில் அதன் பங்கு கணிசமானது.

தூய வெள்ளையாகத் தெரியும் பவளத்தை அழகென்று எண்ணிவிடாதீர்கள். கடல் சூடேறும்போது, பவளத்துக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகள் அதைவிட்டு வெளியேறிவிடுவதால் நேரும் வெளிறல் அது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் பெரும் வெளிறலைத் தொடர்ந்து, 2024-இல் உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வு அறிவிக்கப்பட்டது. வெளிறிய பவளம் உடனே செத்துவிடுவதில்லை. நீர் குளிர்ந்தால் மீள வாய்ப்புண்டு. காலில் மாட்டும் ஃபின்னால் (நீச்சல் துடுப்பால்) ஒரு முறை உதைபட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். நின்று இளைப்பாற வேண்டுமானால் மணலில் மட்டும் காலூன்றுங்கள்.

ஆமை, சுறா, திருக்கை

கடலாமையைக் கண்டதும் அதன் தலைக்கு நேர் மேலே போய் மிதப்பது நம் ஆவலின் முதல் விளைவு. ஆமைக்கு மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். நாம் கூரைபோல் மேலே நின்றால் அது வழி தேடி விலகிப் போய்விடும். பக்கவாட்டில், அதன் கண்ணுக்குத் தெரியும்படி, அது போகும் திசையிலேயே மெல்ல மிதந்தால், மேய்ந்துகொண்டிருக்கும் ஆமை நம்மைப் பொருட்படுத்தாது. கடற்புல்லை மேய்வது பேராமை. பருந்தின் அலகு போன்ற வாயால் பாறை இடுக்கில் கடற்பஞ்சைக் கிள்ளித் தின்பது அழுங்காமை. அது மேலெழுந்து, நம் முகத்துக்குச் சில அடி தூரத்தில் தலையை நீட்டி, பெருமூச்சு விடுவதுபோல் ஒரு புஸ்ஸென்ற ஓசையோடு காற்றை மாற்றிக்கொண்டு மீண்டும் இறங்கும் அந்த ஒரு கணத்துக்காக, ஒரு பயணம் முழுவதும் செலவழிந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

கருந்துடுப்புச் சுறா ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமே வளரும், கூச்சம் மிகுந்த உயிர். கை கால்களை அடிக்காமல் இருந்தால் போதும். உண்மையில் எச்சரிக்கை தேவைப்படுவது டைட்டன் டிரிகர் என்ற பெரிய கிளாத்தி மீனிடம்தான். முட்டையைக் காக்கும் காலத்தில் அது பாய்ந்து கடிக்கும். அதன் எல்லை கூம்புபோல் மேல்நோக்கி விரிவதால், மேலே எழுந்து தப்ப முயலாமல் படுத்தவாக்கிலேயே விலகிப் போக வேண்டும்.

மாலத்தீவு வரை போகிறவர்களுக்கு யானைத் திருக்கையும் திமிங்கிலச் சுறாவும் காணக் கிடைக்கலாம். பா என்னும் பவளத்தீவுத் தொகுதியில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில், தென்மேற்குப் பருவக் காலத்தில் மிதவையுயிர்கள் குவியும்போது திருக்கைகள் கூட்டமாக வந்து வாயைத் திறந்தபடி கரணமடித்துச் சுழன்று இரையெடுக்கும். அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதியில்லை, ஸ்நார்க்கெல்லிங் மட்டுமே. திமிங்கிலச் சுறாவிடம் உடலிலிருந்து மூன்று மீட்டரும் வாலிலிருந்து நான்கு மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, தொடக் கூடாது. அதன் முன்னால் நீந்திப் போய் வழி மறிக்கவும் கூடாது.

தொடாதிருப்பது நமக்கும் காப்பு. கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனும், கடல் முள்ளெலியும், இழைகளை நீட்டி மிதக்கும் சொறியும் (ஜெல்லிமீன்) தொட்டவரைத்தான் வருத்தும். சொறி பட்ட இடத்தில் மணலால் தேய்ப்பதும் குடிநீரை ஊற்றுவதும் கொட்டலைக் கூட்டும். கடல்நீரால் அலசிவிட்டுப் படகுக்குத் திரும்புங்கள். கல்மீன் முள் தைத்தால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தபடி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அந்தமானில் அலையாத்திக் காட்டுக் கழிமுகங்களுக்கு அருகே உப்புநீர் முதலை உண்டு. 2010-இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்கெல்லிங் செய்த ஒருவர் முதலைக்குப் பலியானார். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில், படகோட்டி எத்தனை உறுதி சொன்னாலும் இறங்காதீர்கள்.

நீவாடு (நீரோட்டம்) இழுப்பதாகத் தோன்றினால் எதிர்த்து நீந்திக் களைக்காமல், கையை உயர்த்திக் காட்டிவிட்டு மிதந்தபடி படகை வரவிடுங்கள். எப்போதும் இருவராகவே இருங்கள். ஒருவர் கீழே பார்க்கும்போது மற்றவர் அவ்வப்போது தலை தூக்கிப் படகு எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்பிய பின்

மாஸ்க்கையும் குழாயையும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். காதில் நீர் தங்கினால் தலையைச் சாய்த்து வெளியேற்றுங்கள். பஞ்சுக் குச்சி வேண்டாம். ஸ்கூபா செய்தவர்கள் விமானம் ஏற ஒரு நாள் இடைவெளி விட வேண்டியிருக்கும். மேற்பரப்பில் மட்டும் மிதந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கரையில் ஒதுங்கிய செத்த பவளத்தைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை முதலியவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை என்பதால் விமான நிலையச் சோதனையில் அகப்பட்டால் நினைவுப் பொருள் வழக்குப் பொருளாகிவிடும்.

அன்றிரவே, உப்பு இன்னும் தலைமுடியில் இருக்கும்போதே, ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்: தேதி, திதி, இறங்கிய நேரம், ஏற்றமா வற்றா, நீர் எத்தனை தெளிவு, எந்த உயிர் என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் உருவத்தை வரைந்து வையுங்கள். என் குறிப்பேட்டில் புறாத்தீவு நாளுக்கு எதிரே நான்கு வரிதான் இருக்கிறது. மூன்று வரி நான் துரத்தியபோது காணாமல் போனவை, நான்காவது வரி மட்டும் பக்கத்தின் விளிம்பு வரை நீண்டு, இடமில்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகிறது.